கேட்க ஆளில்லாத பிள்ளைகள்

அப்பா, அம்மா இருக்கிறார்கள். வீடும் இருக்கிறது. ஆனாலும் தனியாக வளர்கிற பிள்ளைகளைத் தேடி யார் வருவது?

காலை உணவுத் திட்டத்தில் திங்கட்கிழமைக்கு உப்புமாவும் காய்கறி சாம்பாரும். அன்றைக்கு இரண்டாவது முறை யார் தட்டை நீட்டுகிறார்கள் என்று பாருங்கள் என்பார்கள் தொடக்கப்பள்ளி ஆசிரியைகள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்பது அந்தத் தட்டில் தெரிந்துவிடும். அப்படி நீட்டும் பிள்ளையின் தலையில் பெரும்பாலும் ஆறாத புண் இருக்கும். சட்டையில் பட்டன் இருக்காது. பெற்றோர் கூட்டத்துக்கு யாரும் வர மாட்டார்கள். கொடுத்திருக்கும் எண்ணுக்கு போன் போட்டால் வேறு யாரோ எடுப்பார்கள்.

இந்தப் பிள்ளையை யாரும் அடிக்கவில்லை, சூடு வைக்கவில்லை. அதனாலேயே இதில் புகார் செய்ய என்ன இருக்கிறது என்று எல்லோரும் நினைத்துவிடுகிறோம். அடி விழுந்தால் அக்கம்பக்கத்துக்குக் கேட்கும். காய்ச்சலில் மூன்று நாள் மருந்தில்லாமல் கிடக்கும் பிள்ளையின் முனகல் அடுத்த வீட்டுக்குக் கேட்பதில்லை. கேட்டாலும், "பெத்தவங்களுக்கே இல்லாத அக்கறை நமக்கெதுக்கு?" என்று ஜன்னலைச் சாத்திக்கொள்கிறோம்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2022-ல் குழந்தைகளுக்கு எதிரான குற்றங்கள் என்று நாடு முழுக்க 1,62,449 வழக்குகளைக் கணக்கிட்டது. அதில் 45.7 சதவிகிதம் கடத்தல், 39.7 சதவிகிதம் போக்சோ எனும் பாலியல் குற்ற வழக்குகள். இந்த இரண்டுக்குமே ஒரு நாள் உண்டு, நேரம் உண்டு, நடந்த இடம் உண்டு. எஃப்.ஐ.ஆர். எழுத முடியும். கவனிப்பாரில்லாமல் கிடப்பதற்கு எந்தத் தேதியைப் போடுவது? அது இன்றைக்கும் நடக்கிறது, நேற்றும் நடந்தது, போன தீபாவளிக்கும் நடந்தது. காவல் நிலையப் பதிவேட்டில் அதற்கு இடம் கிடைப்பது அரிது.

ஆனால் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2015-ல் இயற்றப்பட்டு, 2016 ஜனவரி 15 முதல் நடைமுறையில் இருக்கும் இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 'பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை' யார் என்று ஒரு நீண்ட பட்டியலே போட்டிருக்கிறது. வீடற்ற குழந்தை, பிச்சையெடுக்கும் குழந்தை, வேலைக்கு அனுப்பப்பட்ட குழந்தை என்று தொடங்கும் அந்தப் பட்டியலில், உடன் இருப்பவராலேயே புறக்கணிக்கப்படும் குழந்தையும், பார்த்துக்கொள்ளும் நிலையில் பெற்றோர் இல்லாத குழந்தையும் சேர்த்திதான். அப்பா, அம்மா இருவரும் உயிரோடு இருப்பதாலேயே ஒரு பிள்ளை இந்தப் பட்டியலிலிருந்து வெளியேறிவிடுவதில்லை. சட்டம் 2015-லேயே தெளிவாகச் சொன்ன இந்த ஒன்று, ஊரில் இன்னும் பலருக்குப் போய்ச் சேரவில்லை.

கட்டில் காலில் கட்டிய சேலை

இதே சட்டத்தின் 74-வது பிரிவு, குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி என அடையாளம் காட்டும் எதையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது என்கிறது. மிகச் சரியான பிரிவு. ஆகவே கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்து மலையடிவார ஊர்களில் கண்டதையும், களப்பணியாளர்கள் சொன்னதையும் சேர்த்து ஒரே வீடாக இங்கே வைக்கிறேன்.

ஓட்டு வீடு, பக்கத்தில் ஆட்டுப்பட்டி. பள்ளிக்கூடம் நடக்கும் நாள்தான், மணி பதினொன்று. உள்ளே 11 வயதுப் பெண் அடுப்பில் ரேஷன் அரிசியை உலை வைத்திருக்கிறாள். 7 வயதுத் தம்பி சட்டையில்லாமல் திண்ணையில் படுத்திருக்கிறான். கடைக்குட்டிக்கு மூன்று வயது இருக்கும். அவன் இடுப்பில் பழைய சேலைக் கிழிசலைச் சுற்றி, மறுமுனையைக் கட்டில் காலில் முடிந்திருக்கிறார்கள். சேலை எட்டுகிற தூரம் வரை தரை வழுவழுவென்று தேய்ந்திருக்கிறது. அவன் அழவில்லை. வந்தவர்களைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை.

"ஏன் பாப்பா தம்பியைக் கட்டிப் போட்டிருக்க?"

"பின்னாடி கெணறு இருக்குது சார். அவுத்துவிட்டா ஓடிப் போயிருவான். நான் தண்ணிக்குப் போவணும்ல?"

புல்லுக்கட்டோடு வந்த பாட்டி, கட்டை இறக்கிவைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். மருமகள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய் ஒன்றரை வருஷம். முதலில் மாதாமாதம் பணம் வந்தது. இப்போது போனே வருவதில்லை. மகன் லோடு ஏற்றும் வேலைக்குப் போகிறான். "அவன் சம்பாதிக்கிறது கடைக்கே சரியாப் போவுது" என்றார். கடை எது என்று கேட்க வேண்டியதில்லை. "என்னால முடியல சார். மூணையும் கொண்டு போயி ஹோம்ல சேத்துருங்க. அங்கியாவது சோறு கெடைக்கும்."

அடுப்படியிலிருந்து இதைக் கேட்ட பெண், எழுந்து வந்து தம்பியின் இடுப்பு முடிச்சை அவிழ்த்து அவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அந்தச் சேலைத் துணியை எப்படி எடுத்துக்கொள்வது? குழந்தையைக் கட்டிப்போடுவது கொடுமை, சந்தேகமே இல்லை. அவனை உயிரோடு வைத்திருப்பதும் அந்த முடிச்சுதான். அதைப் போட்டவளும் ஒரு குழந்தை. அவளுடைய ஆறாம் வகுப்பு அந்தக் கட்டில் காலிலேயே கட்டப்பட்டுக் கிடக்கிறது. இங்கே குற்றவாளி யார் என்று தேடத் தொடங்கினால் சாயங்காலம் ஆகிவிடும், குழந்தைகள் பசியோடு இருப்பார்கள். வேறு இரண்டு கைகள் இந்த வீட்டுக்குத் தேவை. கேட்க வேண்டிய முதல் கேள்வி, அந்தக் கைகள் எங்கே கிடைக்கும் என்பதுதான்.

தலைப்புச் செய்தியில் அம்மா மட்டும்

பத்திரிகைக்காரர்களாகிய நாங்கள் இதில் செய்திருக்கும் தவறு பெரிது. குழந்தையை விட்டுவிட்டுப் போன செய்தி வந்தால் 'கல்நெஞ்சத் தாய்' என்று தலைப்பு போட்டே பழகிவிட்டோம். அந்தச் செய்திகளில் அப்பா இருப்பதே இல்லை. குழந்தைக்கு அப்பா ஒருவர் உண்டு என்பதோ, அவர் எங்கே போனார் என்பதோ கடைசிப் பத்தியில்கூட வருவதில்லை.

நாங்கள் போடும் தலைப்பைவிடச் சட்டம் ஈரமுள்ளது. குழந்தையைக் கைவிட்டாலோ, வேண்டுமென்றே புறக்கணித்தாலோ மூன்று ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று 75-வது பிரிவு சொல்கிறது. உடனேயே ஒரு விதிவிலக்கையும் சேர்க்கிறது: பெற்றவர்கள் தங்கள் கையை மீறிய சூழ்நிலையால் கைவிட்டிருந்தால் அதை வேண்டுமென்றே செய்ததாகக் கொள்ளக் கூடாது, தண்டனையும் பொருந்தாது. வளர்க்கவே முடியாது என்ற நிலையில் இருப்பவர்கள் 35-வது பிரிவின்படி குழந்தைகள் நலக் குழுவிடம் வந்து முறைப்படி ஒப்படைக்கலாம். மனம் மாறித் திரும்பக் கேட்க இரண்டு மாத அவகாசமும் உண்டு. வழக்கு இல்லை, கைது இல்லை.

1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டபோதே, கேள்வி கேட்காமல் பிள்ளையை வாங்கிக்கொள்ளும் வழியைத் தமிழ்நாடு கண்டுவிட்டது. பெண்சிசுக் கொலையைத் தடுக்க வந்த திட்டம் அது. உயிரைக் காப்பாற்றியது, அதோடு, பிள்ளையை அரசிடம் தந்துவிடலாம் என்பதே ஏழைத் தாய்க்குத் தெரிந்த ஒரே உதவியாகவும் நின்றுவிட்டது. பிள்ளையை வைத்துக்கொண்டே உதவி கேட்கலாம் என்பதை யாரும் அவளிடம் அதே அளவுக்கு உரக்கச் சொல்லவில்லை.

மாவட்டத்துக்கு இரண்டு பேர்

குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐ அழைத்தால் யார் வருகிறார்கள்?

1996-ல் மும்பையில் ஜெரூ பில்லிமோரியா தொடங்கிய சைல்டு லைன், பல ஆண்டுகள் தொண்டு நிறுவனங்களின் கையில் இருந்தது. 2023-ல் அரசு நேரடியாக எடுத்துக்கொண்டது. இன்றைக்கு இது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகோடு, துறையில் புழங்கும் பெயரில் சொன்னால் டி.சி.பி.யூ.வோடு, இணைந்து இயங்குகிறது. கலெக்டர் அலுவலக வளாகத்திலோ அதன் அக்கம்பக்கத்திலோ இருக்கும் அந்த அலுவலகத்தில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர், இல்லங்களைக் கவனிக்கும் ஒரு பாதுகாப்பு அலுவலர், இல்லம் சாராத பராமரிப்பைக் கவனிக்கும் இன்னொருவர், சட்டம் மற்றும் நன்னடத்தை அலுவலர், ஆற்றுப்படுத்துநர், சமூகப் பணியாளர்கள் என்று பதவிகள் உண்டு. வரிசையின் கடைசியில் புறத்தொடர்புப் பணியாளர். வண்டியை எடுத்துக்கொண்டு அந்த ஓட்டு வீடு வரை போகும் பொறுப்பு இவர் தலையிலும் இருக்கிறது.

ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் வழிகாட்டுதலில் ஒரு மாவட்டத்துக்குப் புறத்தொடர்புப் பணியாளர்கள் இரண்டு பேர். தொகுப்பூதியம் மாதம் 10,592 ரூபாய். வேலை ஒப்பந்த அடிப்படையில். தருமபுரி மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011 கணக்கெடுப்பில் 15 லட்சத்துக்கும் மேல் மக்கள், 251 ஊராட்சிகள், மலையும் காடும் நிறைந்த நிலம். பென்னாகரம் தாண்டிய ஒரு மலைக் கிராமத்துக்கு ஒருமுறை போய் வந்தாலே ஒரு நாள் முடிந்துவிடும். இந்தச் சம்பளத்தில் சமூகப்பணி படித்த ஒருவர் எத்தனை வருஷம் இருப்பார்? ஆள் மாறினால் ஃபைல் மாறுவதில்லை, ஆனால் அந்தப் பெண் எழுந்து போய்த் தம்பியை மடியில் வைத்துக்கொண்டதைப் பார்த்தவர் போய்விடுகிறார். புதிதாக வருபவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இருக்கும் ஆட்களின் நேரத்தை அவசரங்கள் எடுத்துக்கொள்கின்றன. நாளைக்குக் குழந்தைத் திருமணம் என்று தகவல் வந்தால் ஓடியாக வேண்டும். போக்சோ வழக்கில் பாதிக்கப்பட்ட பிள்ளைக்குத் துணை நிற்க வேண்டும். பஸ் ஸ்டாண்டில் தனியாக நிற்கும் பிள்ளையை மீட்க வேண்டும். இதில் எதையும் தள்ளிப்போட முடியாது, கூடாது. தலையில் புண்ணோடு பள்ளிக்கு வரும் பிள்ளை அடுத்த வாரத்துக்குப் போகிறது, அடுத்த வாரம் அதற்கடுத்த வாரமாகிறது. இதை அலட்சியம் என்று சொல்லி அந்த இரண்டு பணியாளர்கள் மேல் பழியைப் போட எனக்கு மனம் வரவில்லை. மாவட்டத்துக்கு இரண்டு பேர் போதும் என்று எழுதிய கை டெல்லியில் இருக்கிறது. அது போதாது என்று தெரிந்தும் தன் பணத்தில் கூடுதலாக ஆள் போடாத கை சென்னையில் இருக்கிறது.

1920-ல் இந்தியாவிலேயே முதன்முதலாகக் குழந்தைகளுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தது அன்றைய சென்னை மாகாணம். நூறு ஆண்டு தாண்டிய அந்த முன்னோடித்தனத்தின் வாரிசு, பெட்ரோலைக் கணக்குப் பார்த்து வண்டி ஓட்டும் ஒரு புறத்தொடர்புப் பணியாளர் என்பதை ஏற்கவே முடியவில்லை.

கமிட்டி அறையில்

குழந்தை குறித்த முடிவை எடுப்பது குழந்தைகள் நலக் குழு. ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்கு உள்ள அதிகாரம் இவர்களுக்கு உண்டு. மாதத்தில் குறைந்தது 20 நாள் கூட வேண்டும். மீட்கப்பட்ட பிள்ளையை, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் இவர்கள் முன் நிறுத்த வேண்டும். 15 நாளில் சமூக விசாரணை அறிக்கை, நான்கு மாதத்துக்குள் இறுதி ஆணை.

அந்தச் சமூக விசாரணை அறிக்கைக்கு, விதிகளில் படிவம் 22 என்று பெயர். குடும்பத்தில் யார் யார், வீடு எப்படி, யாருக்கு என்ன பழக்கம், பிள்ளை எதுவரை படித்திருக்கிறது, அக்கம்பக்கத்தினர் என்ன சொல்கிறார்கள் என்று பக்கம் பக்கமாகக் கேட்கும். பொறுமையாக உட்கார்ந்து நிரப்பினால் ஒரு குடும்பத்தின் சரித்திரமே வந்துவிடும். அவசரத்தில் நிரப்பினால் 'ஏழ்மையான குடும்பம், தந்தை குடிப்பழக்கம் உடையவர்' என்ற ஒற்றை வரியில் முடிந்துவிடும். கமிட்டி முன்னால் வரும் தாள் அந்த ஒற்றை வரியாக இருந்தால், ஆணையும் ஒற்றை வரியாகத்தான் இருக்கும்: இல்லத்தில் சேர்க்கவும்.

இல்லம் என்பது கடைசி வழியாக மட்டுமே இருக்க வேண்டும் என்று சட்டத்தின் 3-வது பிரிவு அடிப்படைக் கொள்கையாகவே வைத்திருக்கிறது. காரணம் உண்டு. ருமேனியாவில் சர்வாதிகாரி சௌஷெஸ்குவின் ஆட்சிக்குப் பின், அரசு இல்லங்களில் கிடந்த குழந்தைகளில் 136 பேரை 2000-ம் ஆண்டு முதல் சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஜீனா ஆகிய மூன்று ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். சோறும் துணியும் கிடைத்தும், தூக்கவும் பேசவும் ஆளில்லாமல் இல்லத்தில் வளர்ந்த குழந்தைகளின் மூளை இயக்கமே மந்தமாக இருந்தது. இரண்டு வயதுக்குள் குடும்பத்துக்குப் போன குழந்தைகள் நன்றாகத் தேறினார்கள். தாமதமாகப் போனவர்கள் அந்த அளவுக்குத் தேறவில்லை. கட்டில் காலில் கட்டப்பட்டு அழக்கூட மறந்திருந்த அந்த மூன்று வயதுப் பையனை நினைத்துக்கொண்டுதான் இதைப் படிக்க முடிகிறது. அவன் அப்படியே கிடந்தால் என்ன ஆகும் என்பதையும், பெரிய இல்லம் ஒன்றில் முப்பதில் ஒருவனாகக் கிடந்தால் என்ன ஆகும் என்பதையும் அந்த ஆய்வு ஒருங்கே சொல்கிறது.

தமிழ்நாட்டுக்கு இதில் சொந்த அனுபவமும் உண்டு. இங்குள்ள அனாதை இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவது பற்றி 2007-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன வழக்கில், 2017 மே 5 அன்று நீதிபதிகள் மதன் லோகுர், தீபக் குப்தா அமர்வு தீர்ப்புச் சொன்னது. அந்த ஆண்டு முடிவதற்குள் எல்லா இல்லங்களையும் பதிவு செய்யச் சொன்னதோடு, இல்லத்தில் சேர்ப்பதை மட்டுமே தீர்வாகப் பார்க்காமல் தத்து, வளர்ப்புப் பராமரிப்பு போன்ற வழிகளையும் தேடச் சொன்னது. அதன் பிறகு பதிவில்லாத பல இல்லங்கள் மூடப்பட்டன. மூடிய இல்லத்திலிருந்து பிள்ளை திரும்பிப் போன வீட்டில், அது கிளம்பிய நாளில் இல்லாத எது புதிதாக வந்திருந்தது என்று யாராவது பின்தொடர்ந்து போய்ப் பார்த்தார்களா என்பதே என் கவலை.

நாலாயிரம் ரூபாயும் நாலு சான்றிதழும்

வீட்டிலேயே வைத்து உதவ ஒரு வழி இருக்கிறது. நிதி ஆதரவுத் திட்டம், துறையில் 'ஸ்பான்சர்ஷிப்' என்பார்கள். மிஷன் வாத்சல்யாவில் ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். கிராமத்தில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்குள், மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கணவனை இழந்த, கைவிடப்பட்ட தாயின் பிள்ளைகள், உறவினர் வீட்டில் வளரும் ஆதரவற்ற பிள்ளைகள், பெற்றோர் தீராத நோயில் கிடக்கும் பிள்ளைகள் ஆகியோருக்குக் கிடைக்கும். தமிழ்நாடு அரசும் 2025 செப்டம்பரில் 'அன்புக்கரங்கள்' திட்டத்தைத் தொடங்கி, பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத பிள்ளைகளுக்கும் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் தருகிறது. நல்ல திட்டம், மனதாரப் பாராட்டலாம்.

இப்போது அந்த ஓட்டு வீட்டுக்கு வாருங்கள். அப்பா செத்துப்போகவில்லை, குடித்துவிட்டுத் திண்ணையில் படுத்திருக்கிறார். அம்மா செத்துப்போகவில்லை, எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை. இறப்புச் சான்றிதழ் இல்லாத அனாதைகள் இந்த மூன்று பேரும். 'பராமரிக்க இயலாத பெற்றோர்' என்ற தகுதியில் வாத்சல்யா உதவிக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு வருமானச் சான்று வேண்டும், ஆதார் வேண்டும், வங்கிக் கணக்கு வேண்டும். குடும்ப அட்டை மகன் பெயரில். கடைக்குட்டிக்கு ஆதாரே எடுக்கவில்லை. இ-சேவை மையத்துக்கும் வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கும் பாட்டி அலைந்தால் அன்றைக்கு ஆட்டுக்குப் புல் இல்லை. கூடவே போய், வரிசையில் நின்று, கையெழுத்து வாங்கித் தர ஓர் ஆள் இருந்தால்தான் அந்த 4,000 ரூபாய் அந்த வீட்டுக்குள் நுழையும். அந்த ஆள் யார் என்று கேட்டால் மறுபடியும் அதே புறத்தொடர்புப் பணியாளரிடம்தான் வந்து நிற்கிறோம்.

பணம் வந்தாலும் பகல் நேரப் பிரச்சினை தீராது. அங்கன்வாடி 1975-லிருந்து நம்மிடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் அந்தச் சேவை போகாத ஊர் குறைவு. கடைக்குட்டியை அங்கே சேர்த்துவிட்டால் அக்கா பள்ளிக்குப் போகலாம். ஆனால் அங்கன்வாடி மூடுகிற நேரம் பிற்பகல். கூலி வேலை முடிகிற நேரம் சாயங்காலம் ஆறு. இடைப்பட்ட அந்த நேரம்தான் மூத்த பெண் பிள்ளையின் படிப்பைக் குடிக்கிறது. ஐம்பதுக்கு மேல் பெண்கள் வேலை செய்யும் கட்டுமான இடங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1996-ம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டத்திலேயே எழுதினார்கள். ஐந்தோ அதற்கு மேலோ குழந்தைகள் வந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமிக்க வேண்டும் என்று 2005-ன் நூறு நாள் வேலைச் சட்டத்தில் எழுதினார்கள். இன்றைக்கும் அடுக்குமாடி கட்டும் இடங்களில் மணல் குவியலுக்கும் கம்பிக் கட்டுக்கும் நடுவில் குழந்தைகள் தூங்குவதைப் பார்க்கிறோம். காப்பகம் இல்லாத ஊரில் புறக்கணிப்பு வழக்குப் போடுவது பிள்ளைக்கும் நியாயம் செய்யாது, தாய்க்கும் நியாயம் செய்யாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2024-25 நிதியாண்டில் டாஸ்மாக் மதுக்கடைகள் வழியாக அரசுக்கு வந்த வருவாய் 48,344 கோடி ரூபாய். அந்த ஓட்டு வீட்டு மனிதர் கொடுத்ததும் அதில் இருக்கிறது. குடியால் குலைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கென்று அந்த வருவாயில் ஒரு சிறு பங்கை ஒதுக்கினாலே, மாவட்டத்துக்கு இரண்டு பேர் என்பது ஊராட்சி ஒன்றியத்துக்கு இரண்டு பேர் என்று ஆகிவிடும். குடிநோய்க்குச் சிகிச்சை தராமல் அப்பாவைத் திட்டுவதாலும் பயனில்லை. அந்த வீட்டுப் பிரச்சினையில் பாதி அவருடைய சிகிச்சையில் இருக்கிறது. தாய்க்கு மனநலம் குன்றியிருக்கும் வீடுகளும் ஏராளம். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வில் குழந்தையைத் தூக்கவே பிடிக்காமல் கிடக்கும் பெண்ணைப் 'பொறுப்பில்லாதவள்' என்கிறது ஊர். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை அவளிடம் யாராவது சொல்லியிருப்பார்களா?

போன் போட்டால்

பலரையும் 1098-ஐ அழைக்கவிடாமல் தடுப்பது பயம். "நான்தான் சொன்னேன்னு தெரிஞ்சா தெருவுல இருக்க முடியுமா?" அழைப்பவர் தன் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை. சொன்னாலும் ரகசியமாக வைப்பார்கள். அழைப்பு இலவசம், 24 மணி நேரமும். போலீஸை அனுப்பி அம்மாவைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற எண்ணமும் தேவையில்லை. குழந்தையின் வயது, வீட்டுக்கு எப்படி வருவது, வீட்டில் யார் இருக்கிறார்கள், இன்று இரவு ஆபத்து இருக்கிறதா ஆகியவற்றைச் சொன்னால் போதும். பார்த்ததைச் சொல்லுங்கள். 'அந்தப் பொம்பளை சரியில்லை' என்பது தகவல் ஆகாது. 'மூன்று நாளாகப் பெரிய பெண் பள்ளிக்குப் போகவில்லை, சின்னவனைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள், பின்னால் மூடாத கிணறு இருக்கிறது' என்பதை வைத்துக்கொண்டு ஒரு பணியாளர் அன்றைக்கே கிளம்ப முடியும்.

ஆசிரியர்களுக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு என்று நினைக்கிறேன். வருகைப் பதிவைப் பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் செயலியில் ஏற்றுவதோடு அது முடிவதில்லை. வீட்டுக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு 1098-க்கு அழைத்த தலைமையாசிரியர்கள் எத்தனையோ பிள்ளைகளின் வாழ்க்கையைத் திருப்பியிருக்கிறார்கள். அங்கன்வாடிப் பணியாளரும் கிராம சுகாதார செவிலியரும் மாதாமாதம் எடை போடும் தராசில், ஒரு பிள்ளை இளைத்துக்கொண்டே போவது யாருக்கும் முன்னால் இவர்களுக்குத் தெரியும். எடை குறைந்தால் சத்துமாவு கூடுதலாகக் கொடுக்கிறார்கள், சரி. கொடுத்தும் எடை ஏறவில்லை என்றால் அந்த மாவு யார் வயிற்றுக்குப் போகிறது, வீட்டில் ஊட்டிவிட ஆள் இருக்கிறதா என்று கேட்பதற்கு இவர்களுக்கு நேரமும் தைரியமும் கொடுப்பது அரசின் வேலை.

இவர்கள் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார ஓர் அமைப்பு ஏற்கெனவே ஊர்தோறும் காகிதத்தில் இருக்கிறது. கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு. ஊராட்சித் தலைவர் தலைமையில் வி.ஏ.ஓ., தலைமையாசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், செவிலியர், சுய உதவிக் குழுப் பெண்கள் எல்லோரும் இதில் வருகிறார்கள். டி.சி.பி.யூ.வின் இரண்டு பணியாளர்களால் 251 ஊராட்சிகளைப் பார்க்க முடியாது. 251 குழுக்களால் முடியும். கூடினால். குழு இருப்பதே தெரியாத ஊர்கள் பல. பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றபோது, குழுவின் தலைமை நாற்காலியே காலியானது. பல ஊராட்சிகளுக்குச் சேர்த்து ஒரு தனி அலுவலர் என்றால், எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தெருவிளக்கும் தண்ணீர்த் தொட்டியும் பேசப்படும் அந்தக் கூட்டத்தில், நம் ஊர்க் குழந்தைகள் பாதுகாப்புக் குழு கடைசியாக எந்தத் தேதியில் கூடியது, யார் யார் வந்திருந்தார்கள் என்று கேட்டு, தீர்மானப் புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள். புத்தகமே இல்லை என்றால் அன்றைக்கே ஒன்று வாங்கி, உறுப்பினர்கள் பெயரையும் போன் நம்பரையும் முதல் பக்கத்தில் எழுதவைத்து, பள்ளிக்கூடச் சுவரிலும் ரேஷன் கடையிலும் ஒட்டச் சொல்லுங்கள்.